மலை வீட்டில் நெருப்பு மூட்டுவது: சருகில் தொடங்கி கஷாயம் வரை

பழனி மலைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொடைக்கானலுக்கு வேலை மாற்றலாகி வந்தவர்கள், வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறைப் பக்கம் வீடு வாடகைக்குப் பிடித்து லேப்டாப்போடு வந்து இறங்கியவர்கள், கல்யாணமாகி மன்னவனூருக்கு வந்த பெண்கள் என்று யாராக இருந்தாலும் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கத்தான் செய்யும். இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கரண்ட் போய், சிலிண்டரும் தீர்ந்து, மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி வராத நாளில் விறகு அடுப்புதான் கை கொடுக்கும். மார்கழி, தை இரவுகளில் குளிர் காயவும் அதுதான். சளி பிடித்தால் ஆவி பிடிக்க, கஷாயம் வைக்க, இலை வாட்ட, ஒற்றடம் கொடுக்க என்று இங்கே கைவைத்தியத்தில் பாதிக்கு மேல் நெருப்போடு சேர்ந்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

புதியவர்கள் நெருப்பு மூட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கை மொத்த விறகாக நாலைந்தை அடுக்கி, அடியில் செய்தித்தாளைக் கசக்கி வைத்து, தீக்குச்சி கிழித்துப் போடுவார்கள். தாள் தகதகவென்று எரியும், விறகின் ஓரம் கொஞ்சம் கருகும், அப்புறம் வீடு முழுக்கப் புகை. உடனே மண்ணெண்ணெய் பாட்டிலைத் தேடுவார்கள். விறகு சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் விறகில் குற்றம் இருக்காது, தாளுக்கும் விறகுக்கும் நடுவில் இருக்க வேண்டிய படிகள்தான் விட்டுப்போயிருக்கும். நம் பேச்சில் அந்தப் படி ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரே இருக்கிறது. அதை வரிசையாகத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

என்னென்ன சேர்க்க வேண்டும்

முதல் படி, பொறி பட்டதும் பற்றிக்கொள்கிற பஞ்சு போன்ற பொருள். தேங்காய் நாரைப் பிரித்து உதறினால் போதும், இதைவிட நல்லது கிடையாது. சமையலுக்குத் தேங்காய் உரிக்கும்போதெல்லாம் நாரைத் தூக்கிப் போடாமல் அடுப்புப் பக்கம் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். அடுத்தது சருகும் செத்தையும். இந்த மலையில் பைன் மரத்து ஊசிச் சருகு காய்ந்திருந்தால் சடசடவென்று பிடிக்கும். யூகலிப்டஸ் மரம் தன் பட்டையை நீள நீளமாக உரித்துத் தொங்க விடுமே, அந்தப் பட்டை உள்பக்கம் காய்ந்து சுருண்டு கிடப்பதைப் பொறுக்கி வைத்துக்கொண்டால் மழைக்காலம் முழுக்கக் கவலை இல்லை.

மூன்றாவது சிராய். நன்றாகக் காய்ந்த விறகு ஒன்றை நிறுத்தி வைத்து அரிவாளால் மெல்லிசாகச் சீவி எடுப்பது. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அப்பத்தா சிராய் சீவுகிற விதம் அலாதி. விறகைத் தரையில் ஊன்றி, அரிவாளின் மூக்கை மேலிருந்து மெதுவாக இறக்கி, நுனிவரை போகாமல் பாதியில் நிறுத்திவிடுவார். சிராய் விறகிலேயே ஒட்டிக்கொண்டு சுருள் சுருளாக நிற்கும். அப்படிப் பத்துப் பதினைந்து சுருள் எடுத்தால் அந்த ஒரு விறகே பஞ்சும் சிராயும் சுள்ளியும் சேர்ந்தது போல ஆகிவிடும். அதன் அடியில் தீக்குச்சியைக் காட்டினால் சுருள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு மேலே ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நான்காவது சுள்ளி. பென்சில் கனத்திலிருந்து கட்டைவிரல் கனம்வரை உள்ள காய்ந்த குச்சிகள். கீழ்ப்பழனியில், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்குக் காப்பிச் செடி கவாத்து செய்த மிலாறு கிடைக்கும், உண்ணிச்செடிக் குச்சியும் கிடைக்கும், இரண்டுமே அருமையாக எரியும். மேலே இருப்பவர்களுக்கு பிளம்ஸ், பேரி மரம் வெட்டிவிட்ட கிளைகள். அப்புறம்தான் மணிக்கட்டுக் கனத்தில் பிளந்த விறகு. கடைசியில், நெருப்பு நின்று எரிய ஆரம்பித்த பிறகு, பிளக்காத உருண்டைக் கட்டை.

அளவு கேட்டால், ஒரு தடவை மூட்ட இரண்டு கைப்பிடி சருகு, ஒரு கைப்பிடி சிராய், இரு கைகளாலும் வளைத்துப் பிடிக்கும் அளவுக்கு ஒரு கட்டு சுள்ளி, நாலைந்து விறகு. சுள்ளி அதிகம் என்று தோன்றும். அதிகமாகவே வையுங்கள். நெருப்பு பிடித்துக்கொண்ட பிறகு சுள்ளி பொறுக்க வெளியே ஓடினால் திரும்பி வருவதற்குள் அணைந்துவிடும்.

காய்ந்ததா இல்லையா

சுள்ளியை ஒடித்துப் பாருங்கள். படக்கென்று முறிந்தால் காய்ந்தது, வளைந்து நார் நாராகத் தொங்கினால் பச்சை. விறகு இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈர விறகு மொத்தென்று கேட்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அதை அடுப்பில் வைத்தால் நெருப்பின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே செலவாகும், விறகின் கடைசி நுனியில் நுரை தள்ளி நீர் சொட்டும். கொடைக்கானல் மூடுபனியில் திறந்த வெளியில் போட்ட விறகு காயவே காயாது. மேலே தகரம், நாலு பக்கமும் காற்று, தரையில் படாமல் இரண்டு கட்டை குறுக்கே போட்டு அதன் மேல் அடுக்க வேண்டும். மழைக்காலத்துக்கான விறகைப் பங்குனி, சித்திரையிலேயே வாங்கிப் பிளந்து அடுக்கிவிடுங்கள். அடுப்புக்கு மேலே பரண் இருந்தால் நாளைக்கு எரிக்கிற விறகை இன்று அங்கே ஏற்றி வைக்கலாம், அடிச்சூட்டிலேயே காய்ந்துவிடும்.

மரத்துக்கு மரம் குணம் மாறும். வாட்டில் மரம் (நீலகிரிப் பக்கம் சீகை மரம் என்பார்கள்) நிதானமாக நின்று எரிந்து நல்ல கங்கு கொடுக்கும், சமையலுக்கும் கஷாயத்துக்கும் அதுதான் என் தேர்வு. யூகலிப்டஸ் விறகு சூடு அதிகம், ஆனால் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காய்ந்த பிறகு கோடரி இறங்காது. படபடவென்று பொறியும் தெறிக்கும். பைன் விறகில் பிசின் இருப்பதால் சட்டென்று பற்றும், ஆனால் கரிப்புகை அதிகம், புகைபோக்கியில் கரி அடையாகப் படியும். மூட்டுவதற்கு மட்டும் பைன், எரிப்பதற்கு வாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது, எதைத் தொடக்கூடாது

விறகுக் கடையில் வாங்குங்கள், அல்லது தோட்டக்காரர்களிடம் கவாத்துக் கிளை கேளுங்கள். காட்டுக்குள் போய்ப் பொறுக்க வேண்டாம். இங்கே காப்புக்காடு நிறைய, 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது, விறகு எடுத்தாலும் நெருப்பு வைத்தாலும் குற்றம். சட்டத்தை விடுங்கள், காட்டுமாடு சாயங்காலத்தில் ஊருக்குள்ளேயே மேய்கிற இடம் இது. தோட்டத்து ஓரத்தில் சுள்ளி பொறுக்குவதானாலும் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். ஓடை ஓரம், சோலை ஓரமாக முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் காஞ்சொறி வகைச் செடியில் கை பட்டால் நெருப்பு சுட்டது போல எரியும். தேய்க்காதீர்கள். செலோ டேப்பை ஒட்டி உரித்தால் தோலில் ஏறிய சுணை கூடவே வந்துவிடும், அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள்.

எதை எரிக்கக்கூடாது என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அரளிக் குச்சி கூடவே கூடாது. அதன் புகையும் நஞ்சு, அதில் எதையாவது குத்திச் சுட்டுச் சாப்பிட்டால் இன்னும் மோசம். ஊமத்தையும் அப்படித்தான். கொடைக்கானல் வீட்டு வேலிகளில் பெரிய பெரிய மணி போல வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் தலைகீழாகத் தொங்குகிற பூச்செடி ஊமத்தையின் சொந்தக்காரன், பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் பை எதுவும் அடுப்புக்குள் போகக்கூடாது. பால் கவரைப் போட்டு அடுப்பு மூட்டும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அந்தப் புகை சமைக்கிறவர் நெஞ்சுக்குள் போய் உட்காரும், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மூட்டும் முறை

வீட்டுக்குள் கணப்பு இருந்தால் முதலில் புகைபோக்கி இழுக்கிறதா என்று பாருங்கள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கணப்பின் வாயில் பிடித்தால் புகை மேலே போக வேண்டும். வீட்டுக்குள் திரும்பினால் உள்ளே குளிர்ந்த காற்று அடைத்து நிற்கிறது என்று அர்த்தம். ஒரு தாளைச் சுருட்டிப் பற்ற வைத்து, புகைபோக்கியின் வாய்க்கு நேராகக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடியுங்கள், சூடு ஏறியதும் இழுக்க ஆரம்பிக்கும். அப்போதும் இழுக்கவில்லை என்றால் கரி அடைத்திருக்கிறது, குருவி கூடு கட்டியிருக்கிறது, இரண்டில் ஒன்று. சுத்தம் செய்யாமல் மூட்டாதீர்கள்.

அடுப்பில் பழைய சாம்பலை முழுக்க வழித்து எடுக்க வேண்டாம், ஒரு விரல்கடை விட்டு வையுங்கள், அது சூட்டைப் பிடித்து வைக்கும். ஈரத் தரையாக இருந்தால் காய்ந்த சுள்ளிகளை நெருக்கமாகப் படுக்க வைத்து அதன் மேல் மூட்டுங்கள். நடுவில் நாரும் சருகும். அதை அழுத்தக் கூடாது, காற்று உள்ளே போக வேண்டும். அதன் மேல் சிராய், சாய்ந்தாற்போல். இப்போதே பற்ற வையுங்கள். தீக்குச்சியைக் காற்றுக்கு முதுகு காட்டி நின்று கிழித்து, தலையைச் சற்றுக் கீழே சாய்த்துப் பிடித்தால் சுடர் குச்சியிலேயே ஏறி நிற்கும். சருகின் அடியில், காற்று வருகிற பக்கமாகக் காட்டுங்கள். மேலே காட்டினால் மேல் சருகு மட்டும் எரிந்து தீரும்.

சிராய் பிடித்ததும் சுள்ளி, மெல்லியது முதலில், இரண்டு மூன்றாக, குறுக்கும் நெடுக்குமாக. சுள்ளி கொழுந்து விட்டு எரிந்து ஓசை மாறும். சடசட என்று கேட்டது புஸ்ஸென்று மூச்சு விடுவது போல ஆகும்போது விறகை வையுங்கள், மூன்று விறகின் தலையும் நடுவில் சந்திக்கிற மாதிரி. அப்புறம் எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே போவதுதான். தீயைக் குறைக்க வேண்டுமா, விறகை வெளியே இழுங்கள். கேஸ் அடுப்பில் திருகுகிற குமிழ் செய்கிற வேலையை இங்கே இந்தத் தள்ளுவதும் இழுப்பதும் செய்கின்றன.

ஊதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது ஊதாதீர்கள், அது சுடரை விறகிலிருந்து பிய்த்துவிடும். சுடர் போய்க் கங்கு மட்டும் சிவந்து நிற்கும்போதுதான் ஊதாங்குழலை எடுக்க வேண்டும். குழலின் வாயைக் கங்குக்கு ஒரு சாண் தள்ளி, தரையோடு ஒட்டிப் பிடித்து, நீளமாக, ஒரே சீராக ஊதுங்கள். உஃப் உஃப் என்று வேகமாக ஊதினால் சாம்பல் கண்ணில் விழும், தலை சுற்றும், நெருப்பு பற்றாது. மூச்சை உள்ளே இழுக்கும்போது குழலை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். ஊதும்போது நெருப்பு குபுக்கென்று ஓசை எழுப்பினால் அடுப்பு சிரிக்கிறது, விருந்து வரப் போகிறது என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடிக்கும்.

மழை நாளில் தரையில் கிடக்கும் குச்சியைத் தொடவே வேண்டாம். மரத்திலேயே பட்டுப்போய் நிற்கும் சின்னக் கிளைகளை ஒடியுங்கள், வெளியே நனைந்திருந்தாலும் பட்டையை உரித்தால் உள்ளே காய்ந்திருக்கும். விறகு நனைந்துவிட்டதென்றால் பிளந்து நடுப்பாகத்திலிருந்து சிராய் சீவுங்கள். ஒரு கட்டி சூடமோ, தீர்ந்துபோன மெழுகுவர்த்தியின் அடித்துண்டோ சருகுக்குள் வைத்தால் கூடுதல் நேரம் எரிந்து ஈரத்தை வாங்கிவிடும். தீப்பெட்டி இந்த ஊரில் நமுத்துப்போகும், மூடி இறுகிய டப்பாவில் போட்டு அடுப்புக்குக் கிட்டத்தில் உள்ள மாடத்தில் வையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் வேண்டாம். முக்கியமாக, அணைந்த மாதிரி தெரிகிற நெருப்பின் மேல் ஊற்றவே கூடாது, அடியில் கங்கு இருந்தால் தீ கையிலிருக்கும் பாட்டில் வரைக்கும் ஏறி வந்துவிடும்.

தீப்பெட்டிக்கு முந்தைய காலத்தில் ஞெலிகோல், தீக்கடைகோல் என்று கட்டையோடு கட்டை கடைந்தும், சிக்கிமுக்கிக் கல்லை இரும்பில் தட்டியும் நெருப்பு உண்டாக்கியிருக்கிறார்கள். ஆனால் தினமும் யாரும் அந்தப் பாடு படவில்லை. ராத்திரி சமையல் முடிந்ததும் நல்ல கங்குகளை ஒன்றாகக் கூட்டிச் சாம்பலால் மூடி வைத்துவிடுவார்கள். விடியற்காலையில் சாம்பலை விலக்கினால் உள்ளே சிவப்பாக இருக்கும், சருகு வைத்து ஊதினால் போதும். நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள். வாட்டில் கங்கு இதற்கு நன்றாக நிற்கும், முயன்று பாருங்கள். தன் வீட்டில் அணைந்துபோனால் பக்கத்து வீட்டில் சிரட்டையிலோ கரண்டியிலோ கங்கு வாங்கி வருவதும் உண்டு. விளக்கு வைத்த பிறகு மட்டும் நெருப்பு கொடுக்க மாட்டார்கள், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அந்த நேரத்தில் தீப்பெட்டிகூடக் கேட்க வேண்டாம். விளக்கை ‘அணை’ என்றும் அவர்கள் முன்னால் சொல்லாதீர்கள், குளிர வை என்று சொல்லுங்கள்.

எந்த நெருப்பில் எந்த மருந்து

சரி, நெருப்பு மூட்டியாகிவிட்டது. எரிகிற நெருப்பு எல்லாம் ஒன்றில்லை. கொழுந்து விட்டு எரிவது ஒன்று, சுடர் அடங்கித் தணலாகக் கனிவது ஒன்று, மேலே வெள்ளையாகச் சாம்பல் பூத்து உள்ளே சிவந்திருக்கும் கங்கு ஒன்று. சித்த மருத்துவத்தில் இதற்குப் பெயர் வைத்தே சொல்வார்கள்: விளக்குச் சுடர் போல எரிவது தீபாக்கினி, தாமரை போல விரிந்து எரிவது கமலாக்கினி, காட்டுத்தீ போல எரிவது காடாக்கினி. மருந்துக் குறிப்பில் என்ன தீ என்று சொல்லியிருந்தால் அது கட்டளை, மாற்றக் கூடாது. புடம் போடுவது என்று வறட்டி அடுக்கி எரிக்கும் முறையும் உண்டு. அது படித்த வைத்தியர் வேலை, வீட்டில் வேண்டாம்.

நமக்கு வேண்டியது கஷாயம். அதற்குச் சின்னத் தீ, நிதானமான தீ. திரிகடுகம் என்கிற சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கும். சுக்கின் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிடுங்கள், ‘கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு’ என்பது பழமொழி, கடுக்காய் என்றால் உள்ளே இருக்கும் கொட்டையை எடுத்துவிட வேண்டும். ஒரு விரல் நீளச் சுக்கு, பத்து மிளகு, இரண்டு திப்பிலி, இவற்றை ஒன்றிரண்டாகத் தட்டி நாலு டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒரு டம்ளராகச் சுண்டும்வரை காய்ச்சுவது. நாலுக்கு ஒன்று என்பது இதுதான். எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மதுரையில் வேகிற நேரத்துக்கு இங்கே பருப்பு வேகாது, சமவெளிக்காரர்கள் எழுதிய கஷாயக் கணக்கும் நிமிடத்தில் சரிவராது. ஒரு குச்சியைப் பாத்திரத்தில் நிறுத்தித் தண்ணீர் எட்டிய இடத்தில் கீறிக்கொள்ளுங்கள், அதில் கால் பங்குக்கு இன்னொரு கீறல். அந்தக் கீறலுக்கு இறங்கியதும் விறகை இழுத்துவிடுங்கள். மூடி போடாமல் காய்ச்ச வேண்டும், ஆனால் துளசி போன்ற வாசனை இலையை, ஒரு கைப்பிடி, கடைசியில் போட்டு மூடினால்தான் மணம் நிற்கும். கருப்பட்டி சேர்த்துச் சூடாகக் குடியுங்கள்.

கங்கில் செய்கிற வேலை இலை வாட்டுவது. கற்பூரவல்லி ஒரு தொட்டியில் எல்லார் வீட்டிலும் இருக்க வேண்டும், உறைபனி விழுகிற இரவுகளில் மட்டும் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். இலையைக் காம்போடு கிள்ளி, சாம்பல் பூத்த கங்குக்கு நாலு விரல் மேலே பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். மேலே இருக்கும் மெல்லிய சுணை படிந்து, வெளிர்பச்சை கரும்பச்சையாக மாறி, இலை துவண்டு தொங்கும்போது ஓம வாசனை மூக்கில் ஏறும். அப்போது எடுத்துக் கசக்கினால் பச்சையில் வராத சாறு சொட்டுச் சொட்டாக வரும். அந்தச் சாற்றில் தேன் கலந்து கொடுப்பார்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

மூக்கடைப்புக்கு விரலி மஞ்சளை விளக்கில் காட்டி அந்தப் புகையை முகர்வதும், தலைபாரத்துக்கு மிளகை ஊசியில் குத்திச் சுட்டுப் புகையை இழுப்பதும் பழைய பழக்கம். பெரியவர்கள் ஒரு இழுப்பு இழுத்தால் கண்ணில் நீர் வந்து அடைப்பு விட்டது போல இருக்கும். ஆஸ்துமா இருப்பவர்கள், குழந்தைகள் இதன் பக்கம் போகக்கூடாது. ஓமத்தைத் துணியில் கட்டித் தோசைக்கல்லில் ஒற்றிச் சூடாக்கி முகர்வது இதைவிடச் சாது, நான் இதையே சொல்வேன். கல் உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஒற்றடம் கொடுக்கலாம், முதலில் உங்கள் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு.

ஆவி பிடிக்க யூகலிப்டஸ் இலை நாலைந்து, நொச்சி கிடைத்தால் நொச்சி, கொஞ்சம் மஞ்சள். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் ஆடாமல் வைத்துவிட்டு அப்புறம் போர்வை போர்த்துங்கள். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம், ஆவி பிடிக்கும்போது வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோவதுதான் நடக்கும். கடைகளில் விற்கும் நீலகிரித் தைலம் மேலுக்குத் தடவவும் ஆவியில் இரண்டு சொட்டு விடவும் மட்டும். சின்ன அளவு விழுங்கினாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம், ஆகவே கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், கைக்குழந்தையின் மூக்கில் தடவாதீர்கள். மூட்டு வலிக்கென்று விற்கும் விண்டர்கிரீன் தைலம் இன்னும் கடுமை, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தடவுவதற்கே மருத்துவரைக் கேட்க வேண்டும். வசம்பைச் சுட்டுக் குழந்தைக்கு உரைத்து ஊட்டும் வழக்கத்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். தொப்புளைச் சுற்றித் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைவைத்தியம் எதற்குமே ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’. மூன்று நாளில் காய்ச்சல் விடவில்லை என்றாலும், அதற்கு முன்னாலேயே மூச்சு வாங்கினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்டது

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். குளிருக்காகக் கரி அடுப்பையோ, கும்முட்டியையோ, சுடச்சுடக் கங்கு நிறைத்த சட்டியையோ படுக்கை அறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கக் கூடாது. புகைதான் இல்லையே என்று நினைப்பீர்கள். புகையில்லாத கரியிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. முதலில் தலைவலி, குமட்டல், அப்புறம் ஒரு சுகமான தூக்கம் போல வரும், எழ முடியாது. கொடைக்கானலிலேயே அறைக்குள் கரி அடுப்போடு படுத்தவர்கள் காலையில் எழாத செய்தி வந்திருக்கிறது. குளிர் காய வேண்டுமென்றால் வெளியில் காய்ந்துவிட்டு உள்ளே வந்து கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். படுக்கச் சூடு வேண்டுமென்றால் வெந்நீர்ப் பையை வையுங்கள்.

மாசி முதல் சித்திரை வரை வெளியில் எங்கேயும் நெருப்பு வேண்டாம். புல்லும் பைன் சருகும் காய்ந்து கிடக்கும், காற்றும் சுழன்று அடிக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இதே பருவத்தில்தான். மற்ற மாதங்களில் முற்றத்தில் மூட்டினாலும் சுற்றிலும் சருகைப் பெருக்கி, ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு மூட்டுங்கள்.

சுட்டுக்கொண்டால் குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், இந்த ஊர்த் தண்ணீரே போதுமான குளிர்ச்சி. இங்க், பற்பசை, காப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம்.

அணைப்பதும் சாம்பலும்

முற்றத்து நெருப்பை அணைக்க விறகுகளைப் பிரித்துப் போட்டு, கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் முக்கி, கங்கின் மேல் தெளித்துக் கிளறி மறுபடி தெளிக்க வேண்டும். ஒரே தடவை ஊற்றினால் மேலே நனையும், அடியில் கனன்றுகொண்டே இருக்கும். கடைசியில் புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. அடுப்புச் சாம்பலைக் குப்பைத் தொட்டியிலோ பிளாஸ்டிக் வாளியிலோ கொட்டாமல் மூடியுள்ள தகர டின்னில் இரண்டு நாள் ஆற விட்டு, அப்புறம் சலித்துத் தோட்டத்தில் போடலாம். பூண்டுப் பாத்திக்கும் பீன்ஸ் செடிக்கும் நல்லது. உருளைக்கிழங்குப் பாத்தியில் மட்டும் போடாதீர்கள், மண்ணின் புளிப்பு குறைந்து கிழங்கில் சொறி விழும்.